பிளக் மாறினால் பிஸ்டன் காலி!
பழைய மொபட்காரர்களே, உஷார்!

விடிகாலை நேரம். கோயம்பேட்டில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு வரும் பழைய மொபட், பாலம் ஏறும்போது "பட்... பட்..." என்று இருமி நின்றுவிடுகிறது. மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

"பிளக் போச்சுப்பா... மாத்திடு!" என்று வழியில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் எந்தப் பிளக்கை மாட்டுவது? அங்கேதான் இருக்கிறது ஆபத்து!

1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50, எத்தனையோ சிறு வியாபாரிகளின் வீட்டில் அடுப்பெரிய வைத்த வண்டி. அதற்குப் பிளக் தேடிப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் போகிறவர்கள், "மரை சேருதா? போதும்" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள்.

மரை சேர்ந்தால் மட்டும் போதாது!

நெட்டையும் குட்டையும்

பிளக்கின் மரைப் பகுதி 12.7 மில்லி மீட்டர் நீளத்திலும் வரும். 19 மில்லி மீட்டரிலும் வரும். குட்டை பிளக் போட வேண்டிய என்ஜினில் நெட்டையை மாட்டினால், நுனி பிஸ்டனில் போய் இடிக்கும். பழைய பிளக்கைக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

சூடு முக்கியம்

ஓடும்போது பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறி வருமுன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். முடிவு? பிஸ்டன் தலையில் ஓட்டை!

சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது 'கோல்டு' பிளக். பிடித்து வைத்துக்கொள்வது 'ஹாட்' பிளக்.

நம்பர் குழப்பம்

என்.ஜி.கே. பிளக்கில் நம்பர் ஏற ஏற 'கோல்டு'. பாஷ் பிளக்கில் நேர் எதிர். நம்பர் ஏறினால் 'ஹாட்'. ஆனால் 175, 225 என்று மூன்று இலக்கம் போட்ட பழைய மைக்கோ சரக்கில் நம்பர் ஏறினால் 'கோல்டு'! ஆகவே கம்பெனி மாறினால் நம்பரைப் பார்த்து வாங்காதீர்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள பிளக்குக்கு ஈடானது எது என்று அட்டவணையைப் பார்த்துக் கேளுங்கள்.

முகம் சொல்லும்

என்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரியான பிளக். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் சூடு அதிகம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் ரொம்ப 'கோல்டு'. ஈரக்கரி என்றால் பெரும்பாலும் ஆயில் கலப்பு அதிகம். பிளக் மேல் குற்றமில்லை.

புதுப் பிளக்கை முதலில் கையால் முறுக்குங்கள். நன்றாக உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றுப் போதும். பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

பிளக்குக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். பிஸ்டன் போனாலோ பல நாள் சம்பாத்தியம் போச்சு. கீரைக்கட்டும் வாடிப் போகும்!