நாடி திறந்த பின்னும் ஒழுகும் வால்வு

தமிழாசிரியன் இருதயத்தைப்பற்றி எழுதப் புகுவதேன் என நண்பர்கள் நகைக்கக்கூடும். காரணம் உண்டு. தோப்பூரில் வயல் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு மாரடைப்புற்று, அடைபட்ட நாடியில் ‘ஸ்டென்ட்’ எனும் வலைக்குழல் வைக்கப்பெற்று மீண்டார். ஆயினும், வரம்பில் நடந்தாலே அவருக்கு இளைத்தது. சோதித்தவர்கள் வால்வு ஒழுகுகின்றது என்றனர். “நாடிக்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு, சேர்?” என்று என்னிடம் கேட்டார்.

வயற்காரருக்கு மதகு தெரியும். இருதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வு ஒருவழிக் கதவு. கீழறை சுருங்கிக் குருதியை உடலுக்கு உந்துங்கால் அஃது இறுக மூடுதல் வேண்டும். அதன் இதழ்களை மெல்லிய நாண்கள் பிடித்திருக்கின்றன. அந்நாண்கள் கீழறைச் சுவரிலெழுந்த சிறு தசைகளிற் கட்டுண்டவை. அத்தசைகளுக்கும் சுவருக்கும் உணவூட்டுவது முடியுருநாடியே. நாடி அடைபடின் தசை நலியும், அறை விரியும், நாண்கள் இதழ்களைக் கீழே இழுக்கும், இதழ்கள் பொருந்தா. கதவிற் பழுதில்லை, நிலைதான் சாய்ந்தது. (இளமையில் வாதக்காய்ச்சலால் இதழே கெடுவது வேறு.) பின்னோக்கிப் பாயும் குருதியால் நுரையீரலில் அழுத்தம் ஏறி மூச்சு முட்டும்.

நாடியைத் திறந்தால் சிலருக்குத் தசை தேறி ஒழுக்குக் குறையும். இறந்துபட்ட தசையோ மீளாது. ஒழுக்கு எஞ்சியவர்களுள், அது மிகுந்தோறும் ஆயுள் குறைதலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

அங்ஙனமாயின், நாடிச் சத்திரசிகிச்சையின்போதே வால்வையும் செப்பனிடலாமே? நியாயமான கேள்வி, விடைதான் எளிதன்று. நடுத்தர ஒழுக்குடைய 301 பேரிடம் இதனைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, ஈராண்டில் இறந்தோர், நாடிக்கு மாத்திரம் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 10.6, வால்வையும் செப்பனிட்டோருள் 10.0. ஒழுக்குக் குறைந்தது, உயிரிழப்புக் குறைந்ததெனச் சொல்ல இயலவில்லை. ஆனால், மருந்துக்கு அடங்காத கடும் ஒழுக்கும் இருதயப் பலவீனமும் உடைய 614 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்லிற்று. தொடை நாளத்தின் வழியே கவ்வி செலுத்தி இதழ்களைச் சேர்த்துப் பிடித்தபோது, ஈராண்டு இறப்பு நூற்றுக்கு 46.1இலிருந்து 29.1 ஆகக் குறைந்தது. எவருக்கு எது பொருந்தும் என்பதை ஒலியலைப் படம் பார்த்த வைத்தியரே சொல்லவேண்டும்.

நம் நண்பரின் ஒழுக்கு நடுத்தரமானதாம், மருந்தைக் கூட்டியுள்ளனர். மூச்சு இலேசானதும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டேன் என்று சிரித்தார். பள்ளியிற்போலவே கடிந்துகொண்டேன். மறுநாளே கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.