விழத் தெரிந்த கால்கள்

டென்னிஸில் எதிராளி மட்டையை வீசும்போது பந்தை விட்டுவிட்டு, காத்திருப்பவரின் கால்களைப் பாருங்கள். ஒரு சின்னத் துள்ளல் தெரியும். 'ஸ்ப்ளிட் ஸ்டெப்' என்பார்கள். பந்து வலப்பக்கம் வருகிறது என்று அந்தரத்திலேயே பிடிபட்டுவிட்டால், தேர்ந்த ஆட்டக்காரர் இடக்காலை முதலில் ஊன்றுவார். அது தரையைத் தொடும்போதே உடல் வலப்பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். சொல்லப்போனால் அவர் விழுகிறார். விழுகிற உடலை அடுத்த கால் ஓடிப்போய்த் தாங்குகிறது.

ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போட்ட சர்வ் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்துவிடும். கண்ணில் பட்டது தசைக்குப் போய்ச் சேரவே ஏறத்தாழ 0.2 நொடி காலி. நிதானமாக நின்று கிளம்ப நேரம் ஏது?

உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்குச் சொல்பவை கண், உள்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் புதைந்துள்ள உணர்விகள். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் படும் பாட்டிலேயே கண்ணின் பங்கு புரியும். டென்னிஸ்காரரின் கண்ணோ பந்தை விட்டு விலக முடியாது. மிச்சத்தைக் காதும் காலும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணுக்கால் சுளுக்கு ஆறிய பிறகும் கால் மடங்குவதாகச் சிலர் சொல்வது ஏன் என்று 1965இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் ஆராய்ந்தார். தசைநார் கிழியும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் அறுந்துபோவதால், மூட்டு தன் நிலையைச் சரியாகச் சொல்வதில்லை என்பது அவர் கருத்து. அத்தகையவர்களை ஆடும் பலகையில் நிற்கவைத்துப் பழக்கினார். விளையாட்டுப் பயிற்சிக்கூடங்களில் இன்று கிடக்கும் 'வாபிள் போர்டு' அந்த வழியில் வந்தது.

பலகையில் வாரக்கணக்கில் பழகினால் அனிச்சைச் செயல் கூர்மையாகும் என்றுதான் யாரும் நினைப்போம். அளந்து பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு: கெண்டைக்கால் தசையின் தண்டுவட அனிச்சை அடங்குகிறது! சைக்கிள் பழகுகிறவர் ஹாண்டில்பாரை வெடுக்கென்று திருப்பித் திருப்பியே விழுவதுபோல, ஒவ்வொரு அசைவுக்கும் தசை பதறினால் தள்ளாட்டம்தான் கூடும். பழகிய நரம்பு மண்டலம் அந்தப் பதற்றத்தை ஒடுக்கிவிடுகிறது.

ஆனால் பலகையில் கற்றது பெரும்பாலும் பலகையோடு நின்றுவிடும். அதன்மேல் சிலைபோல் நிற்பதை மட்டும் டென்னிஸ் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. பக்கவாட்டில் தாவி ஒற்றைக்காலில் இறங்க வேண்டும். தடுமாறும் நிலையிலேயே பயிற்சியாளர் வீசும் பந்தை, தரையில் படுமுன்பே, 'வாலி'யாக அடிக்க வேண்டும். உதாரணம் பாருங்கள்: பனிச்சறுக்குக் குடும்பத்தில் பிறந்து, செர்பியாவின் கோபாவோனிக் மலையில் சிறுவயதைக் கழித்த நோவக் ஜோகோவிச், கடினத் தரையிலும் வழுக்கிப் போய், கால்கள் அகல விரிந்திருக்கும்போதே பந்தைத் திருப்பி அடிக்கிறார்.