நூறு தெனாரியக் கடன்

தனக்குத் தீங்கு செய்த சகோதரனை ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, இயேசு எண்ணிக்கைக்கு இடமே தராத விடையளித்து, அதை விளக்கக் கடன்பட்ட ஊழியன் ஒருவனின் உவமையைச் சொல்வதாக மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த ஊழியன் அரசனுக்குத் தரவேண்டியது 10,000 தாலந்து. தாலந்து என்பது பெருந்தொகைகளைக் கணக்கிட அக்காலத்தில் வழங்கிய அளவு. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம். தெனாரியம் என்ற உரோம வெள்ளிக்காசோ கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். ஆக, எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடைபடாத ஆறு கோடி நாள் கூலியை அரசன் தள்ளுபடி செய்கிறான்; அந்த ஊழியனோ வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனைக் கழுத்தைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறான்.

இவ்வுவமையை விளக்குவோர் பலரும் 100 தெனாரியத்தை அற்பத் தொகையாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் மூன்று மாதத்துக்கும் மேலான கூலியை இழப்பது ஏழை ஊழியனுக்குச் சிறிய இழப்பன்று. பிறர் செய்த தீங்கு உண்மையானது, அதன் வலியும் உண்மையானது என்பதை உவமை மறுக்கவில்லை. கடன் இருப்பதை ஒப்புக்கொண்ட பின்னரே, இறைவனிடம் தான் பெற்ற மன்னிப்பை முன்னிட்டு அதை வசூலிக்கும் உரிமையைக் கைவிடுமாறு கேட்கிறது.

இத்தகைய மன்னிப்புக்கு நம் காலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூர் சிற்றூரில், தொழுநோயாளர்களிடையே நெடுங்காலம் பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய சிறுவயது மகன்கள் இருவரும் வாகனத்தில் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாக அறிவித்த அவருடைய மனைவி கிளாடிஸ், குடும்பம் வாழ்ந்துவந்த பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லப் பணியைத் தொடர்ந்தார். அதே வேளையில், மன்னிப்பையும் குற்றத்துக்குரிய தண்டனையையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்றும் தெளிவுபடுத்தினார். வழக்கு தன் வழியே நடந்தது: முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைக்க, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பழிவாங்கும் உரிமையை விடுவது பாதிக்கப்பட்டவரின் செயல். குற்றத்தை விசாரிப்பது அரசின் கடமை. உறவு மீண்டும் சீராவதைக் குறிக்கும் ஒப்புரவோ, தீங்கு செய்தவர் மனம் திரும்பினாலன்றி நிறைவேறாதது. இம்மூன்றையும் பிரித்தறியாமல், கணவனிடம் அடிபடும் பெண்ணை, அவனை மன்னித்துவிட்டு வீடு திரும்புமாறு சபைப் பெரியவர்கள் வற்புறுத்துவது, பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உரிய முடிவைப் பிறர் கையில் எடுத்துக்கொள்வதாகும். உவமையில் கூட, கொடுமைப்படுத்தப்பட்ட ஊழியனின் நிலையைக் கண்ட மற்ற ஊழியர்கள் வாய்மூடி இருக்கவில்லை, அரசனிடம் போய் முறையிட்டனர்.