கலர் மீனுக்குக் கல் உப்பு வைத்தியம்

வீட்டை ஒட்டிச் சிமெண்டுத் தொட்டி கட்டி, கிணற்று நீரில் மோலி, கப்பி, தங்கமீன் வளர்ப்பது திருவேங்கடம் போன்ற கரிசல் பகுதிகளில் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழிலாகும். ஆனால் மார்கழிக் குளிரில் ஒரு மீனின் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால், கவனிக்காவிடில் சில நாட்களில் தொட்டியே காலியாகிவிடக்கூடும். இதற்கு முதல் மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது. கடைகளில் பொட்டலமாக விற்கும் மீன் உப்பு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடிக் கல் உப்பே போதும்.

நன்னீர் மீனின் இரத்தத்தில் வெளிநீரைவிட உப்பு அதிகம். ஆகவே செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டிருக்கும். மீன் அதை வெளியேற்றியபடியே இருக்க வேண்டும். செவுளோ தோலோ புண்பட்டால் இந்த வேலை பன்மடங்காகி மீன் களைத்துவிடுகிறது. தண்ணீரில் சிறிது உப்பு இருந்தால் அந்தப் பளு குறையும். ஒட்டுண்ணிகளும் மடியும். கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டு நஞ்சு உடலில் ஏறுவதையும் உப்பு தடுக்கிறது.

அளவுதான் முக்கியம். கைப்பிடிக் கணக்கு உதவாது. தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் சுமார் 1,350 லிட்டர். களைத்த மீனுக்கு லிட்டருக்கு 1 கிராம் போதும். வெண்புள்ளி நோய்க்கு 3 கிராம் வேண்டும். அதாவது இத்தொட்டிக்கு 4 கிலோ. அதை மூன்று பங்காக்கி, வாளி நீரில் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

மறுநாளே புள்ளி மறையாது. தோலுக்குள் இருக்கும் கிருமியை உப்பு தொடாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரித்து, அவை மீனைத் தேடி நீந்தும்போதுதான் மடியும். எனவே 7 முதல் 10 நாள் வரை உப்பு நீர் மாறாமல் இருக்க வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு போகாது. குறைந்த மட்டத்துக்கு வெறும் நீர் ஊற்றினால் போதும். நீரை வெளியேற்றி மாற்றினால் மட்டும், மாற்றிய அளவுக்கு உப்பு சேர்க்கலாம்.

தோலில் ஒட்டுண்ணி உள்ள மீனைத் தனி வாளியில் லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் முறையும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

கெளுத்தி போன்ற செதிலற்ற மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்குவது குறைவு. கிணற்று நீரே உவர்ப்பாயின் அளவைக் குறைக்க வேண்டும். வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்த மீனை உப்பு காப்பாற்றாது. அழுக்கு நீரையும் அது சுத்தமாக்காது. முதலில் பாதி நீரை மாற்றிவிட்டே வைத்தியம் தொடங்க வேண்டும். நோய் அடங்காவிடில், தூத்துக்குடியில் 1977இல் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரியில் யோசனை கேட்கலாம்.

வைத்தியம் முடிந்த நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குத் திருப்பிவிடுவது பெரும் தவறு. கரிசல் மண்ணில் நீர் எளிதில் வடியாது, உப்பு தங்கிவிடும். பயிரில்லாத இடத்தில், கிணற்றுக்குத் தள்ளியே அதைக் கொட்ட வேண்டும்.