பூவின்றிப் பெயரில்லை

அந்தமான் என்றவுடன் நம்மவர் நினைவில் முதற்கண் எழுவன செல்லுலர் சிறையும் சூழ்ந்துள்ள கடலுமே. அத்தீவுகளில் மலையும் உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. வட அந்தமானில் திக்லிப்பூரை அடுத்து நிற்கும் சேடில் சிகரம் 732 மீட்டர் உயரமுடையது. உதகையைக் கண்டவர்க்கு இஃது ஒரு குன்றே. ஆயினும் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று அதன்மேல் மோதி மேகமாய்த் திரள்வதால், அங்குள்ள மரங்கள் ஈரம் மாறா மேனியுடன் விளங்குகின்றன. இத்தகைய மரக்கிளைகளே ஆர்க்கிட் செடிகளுக்கு உகந்த இல்லமாகும். இத்தீவுக் கூட்டத்தில் அவை நூறு வகைக்கு மேல் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன், தீவுகளில் பணியாற்றித் திரும்பிய நண்பர் ஒருவர் அத்தகைய செடியொன்றை நமக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதனைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்து வந்தோம். இரண்டே மாதங்களில் அது பூவாமலே பட்டுப்போயிற்று. காய்ந்த இலைகளைத் தாவர நூல் கற்ற அன்பர் ஒருவரிடம் காட்டி, இதன் பெயர் யாதென வினவினோம். "பூவின்றிப் பெயரில்லை" என்றார் அவர். அச்சொல்லின் பொருளை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஆர்க்கிட் வகைகள் பலவற்றின் இலையும் தண்டும் ஒன்றுபோல் தோன்றும். வேற்றுமை பூவிலேதான் உண்டு. புறவிதழ் மூன்று, அகவிதழ் மூன்று. அகவிதழ்களுள் ஒன்று உதடுபோல் வேறுபட்டு நிற்கும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே தூணாக இணைந்திருக்கும். இவ்வளவும் காணின் அஃது ஆர்க்கிட் என்று துணியலாம்.

அடுத்து மகரந்தத்தை நோக்க வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தம் பொடியாக உதிராமல் சிறு திரள்களாக அமைந்திருக்கும். டென்ட்ரோபியத்தில் அத்திரள் நான்கு; எரியாவில் எட்டு; வாண்டாவில் இரண்டு, அவையும் ஒட்டும் தட்டுடன் கூடிய காம்பின்மேல் அமர்ந்திருக்கும். நிறத்தால் மயங்குவோர் உண்டு. இவ்வெண்ணிக்கையால் மயங்குவோர் குறைவு.

பேரினம் தெரிந்தபின், முன்னர்ப் பெயரிடப்பட்ட மூல மாதிரியோடு ஒப்பிடல் வேண்டும். அம்மாதிரி தொலைவில் இருப்பின் தொல்லையே. ஜெர்மானிய அறிஞர் ரைக்கன்பாக் 1872ஆம் ஆண்டில் யூலோபியா அந்தமானென்சிஸ் என்ற தரை ஆர்க்கிடுக்குப் பெயரிட்டார். அவர் 1889ஆம் ஆண்டில் மறைந்தபோது, தம் உலர்தாவரத் தொகுப்பை வியன்னாவுக்கு அளித்து, 25 ஆண்டுகள் அதனைத் திறத்தலாகாதென உயிலில் எழுதி வைத்தார். அதுவரை பிற நாட்டு அறிஞர் அவருடைய மாதிரிகளை ஒப்புநோக்க இயலாது தவித்தனர். பூட்டிய அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பது எத்தகைய இடர் என்பதை அத்தொழிலில் உள்ள நாம் நன்கறிவோம்.

இனங்காணுதல் வெறும் பெயர்ச் சூட்டு விழா அன்று. 1918ஆம் ஆண்டில் கியூ தோட்டத்து ரோல்ஃப் என்பார், இத்தீவுகளில் படரும் ஒரு கொடியைத் தனி இனமெனக் கண்டு வனிலா அந்தமானிகா என்று பெயரிட்டார். ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவும் ஆர்க்கிடின் காயே. தோட்டங்களில் வளரும் மெக்சிகோ வனிலா, கொடியை வெட்டி நட்டே பெருக்கப்படுவதால், ஒரு நோய் தாக்கின் எல்லாக் கொடிகளும் ஒருசேர நலியும் அபாயம் உண்டு. அதன் காட்டுச் சுற்றத்தார் அழியாதிருத்தல் நமக்குக் காப்பாகும். பெயரறியாத ஒன்றை எவ்வாறு காப்பது?

ஆதலின், தீவுகளுக்குச் செல்லும் நேயர்கள் புதுமையான பூவொன்றைக் காணின், அதனைப் பறித்தல் வேண்டா. சேடில் சிகரம் தேசியப் பூங்காவாகும். அங்கே செடி கொடிகளை எடுப்பது குற்றமுமாகும். பூவை முன்னும் பக்கவாட்டிலும் படம் பிடியுங்கள். இலையையும் தண்டையும், அது பற்றி நின்ற மரத்தையும் விடாதீர்கள். நாளையும் இடத்தையும் குறித்து, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்ற போர்ட் பிளேரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மையத்துக்கு அனுப்புங்கள். மாதிரி வேண்டுமெனில் உரிய அனுமதியுடன் அவர்களே எடுப்பர்.

நம் தாழ்வாரத்தில் பட்டுப்போன செடியின் பெயரை இனி எவரும் சொல்ல இயலாது. அது தன் கிளையிலேயே இருந்திருப்பின், ஒரு மழைக்காலத்தில் பூத்துத் தன் பெயரைத் தானே சொல்லியிருக்கும்.