தகரப் பெட்டிக்குள் தூங்கும் தபால் தலைகள்

போடிநாயக்கனூருக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பஜார் பக்கம் திரும்பினாலே போதும், ஊரே ஏலக்காய் போட்ட பாயசம் மாதிரி மணக்கும்! அகலப் பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில், 2023-ல்தான் மறுபடி ஊருக்குள் வந்தது. சமீபத்தில் அதில் ஏறிப் போய்விட்டு வந்தேன். இறங்கியதும் மணத்தோடு மணமாகப் பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டி விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னால், வாசகியரில் நாலு பேராவது அதைச் செய்யாமல் இருப்பீர்களே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை. எனக்கு அப்போது ஸ்டாம்பு சேர்க்கும் பைத்தியம். பெரியப்பா மலைமேல் ஓர் ஏலத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து காலமானவர். பெரியம்மா போடியில் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கப் போவாள். கோடை லீவுக்குப் போன என்னிடம், "ஏத்தா, ஒங்க பெரியப்பா காயிதமெல்லாம் பொட்டியில கெடக்கு. ஸ்டாம்பு வேணும்னா எடுத்துக்க" என்றாள்.

திறந்தால் ஒரே பூஞ்சக்காளான் நாற்றம்! உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அந்தக் காலக் கணக்கர்கள் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார்கள் அல்லவா? அதனால் பாதி ஸ்டாம்புகளில் ஓட்டை. மீதியைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். ஸ்டாம்பு இருந்த மூலையை மட்டும் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன். உறைகளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் திணித்தேன். பெரியம்மாவுக்கு அன்று விறகு மிச்சம்!

என் நோட்டில் என்னென்ன சேர்ந்தது தெரியுமா? சுதந்திர இந்தியா வெளியிட்ட முதல் தபால் தலையே இருந்தது. 1947 நவம்பர் 21-ல் வந்த மூன்றரையணா. பறக்கிற தேசியக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்தும் போட்டது. வெளிநாட்டுக் கடிதத்துக்கென்று வந்த ஸ்டாம்பு அது. சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம் ஆன பிறகுதான் நம் கொடி ஸ்டாம்பில் ஏறியது. அதுவரை ராஜா படந்தான். அந்த டிசம்பர் 15-ல் உள்நாட்டுக் கடிதத்துக்கு அசோகர் சிங்கத் தூண் போட்ட ஒன்றரையணாவும், விமானத் தபாலுக்கு ஆகாய விமானம் போட்ட பன்னிரண்டணாவும் வந்தன. (பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்.) 1950 ஜனவரி 26 குடியரசு தின வரிசையில் இரண்டு, 1953 ரயில்வே நூற்றாண்டு ஸ்டாம்பு ஒன்று... இப்படி.

லீவு முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில் மதுரையில் ஒரு பெரியவரிடம் நோட்டைக் காட்டினேன். ஓய்வு பெற்ற வாத்தியார், ஸ்டாம்பு விஷயத்தில் கரைகண்டவர். மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"இந்தச் சங்கு போட்டதெல்லாம் எங்கே கிடைச்சது அம்மா?"

"பெரியப்பா மலையில வேலை பார்த்தாரு. அங்க வந்த கடிதாசியில."

"உறை எங்கே?"

"அடுப்புல..."

அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஏன் அப்படி வருத்தப்பட்டார் என்பதுதான் சுவாரசியமான விஷயம். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் போனால் ஏல மலை. இப்போது கேரளம், அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த ராஜ்யத்துக்கென்று தனித் தபால் இலாகா உண்டு. அதன் பேரே 'அஞ்சல்'! நாம் இன்று 'அஞ்சல் நிலையம்' என்று பலகையில் எழுதுகிறோமே, அதே சொல்தான். அவர்கள் பெட்டிக்குப் பச்சை நிறம், அதில் சங்கு முத்திரை. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். 1888-லிருந்து சங்கு போட்ட ஸ்டாம்புகள். விலை அணாவில் இல்லை, சக்கரத்திலும் காசிலும். ஸ்டாம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள்ளேயும் ஒரு சங்கு நீரோட்டமாகத் தெரியும். ஆனால் சமஸ்தானத்தின் எல்லையைத் தாண்டும் கடிதத்துக்கு அந்த ஸ்டாம்பு செல்லாது. ஆக, பெரியப்பா கோட்டயத்துக்கு எழுதினால் சங்கு ஒட்ட வேண்டும். மலை அடிவாரத்தில் இருக்கும் பெண்டாட்டிக்கு எழுதினால் இந்திய ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்!

1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கரம் போய் அணா, பைசா வந்தது. புது ஸ்டாம்பு அடிக்கும் வரை காத்திருக்க முடியுமா? கையிலிருந்த பழைய ஸ்டாம்பு மேலேயே ஆங்கிலத்தில் புது விலையை அச்சடித்து விட்டார்கள். அவசர அச்சு எப்படி இருக்கும்? கல்யாணப் பத்திரிகை அடித்த நம் எல்லோருக்கும் தெரியுமே! ஓர் எழுத்து தலைகீழ், சில தாளில் விலையே தலைகீழ், சிலதில் இரண்டு தடவை. 1951 ஏப்ரல் 1-ல் அந்த இலாகாவே இந்தியத் தபாலோடு கலந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கும் குறைவான காலம்! அந்தச் சமயத்தில் மலைக்கு வந்த உறை, மலை அஞ்சல் ஆபீஸின் தேதி முத்திரையோடு முழுசாக இருந்திருந்தால், ஒரு தேசம் ஒன்றுசேர்ந்த கதைக்கு அது சாட்சி. ஸ்டாம்பு மட்டும் என்றால் சில ரூபாய்ச் சமாச்சாரம்.

அடுத்த லீவில் பெரியம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள், ஆங்கிலம் என்ன, தமிழே தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். சங்கு ஸ்டாம்பு வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், "இது வேற மாதிரி இருக்கே தாயி. இந்தக் கடேசி எழுத்தப் பாரு, மத்ததுலயெல்லாம் கீழ்ப்பக்கம் பெருசா இருக்கு, இதுல மேல்பக்கம் பெருசா இருக்கு" என்றாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'டூ பைஸ்' என்று அடித்ததில் கடைசி 'எஸ்' தலைகீழ்! நான் நூறு தடவை பார்த்த ஸ்டாம்பு. எனக்குப் படிக்கத் தெரியும், அதனால் சொல்லைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். அவள் உருவத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பச்சை, வெளுப்பு, வெடிப்பு, பொக்கு என்று ஏலக்காயைப் பொறுக்கிப் பொறுக்கிப் பழகின கண் அல்லவா!

அச்சுப் பிசகு தேடும் வித்தையே இதுதான், சகோதரிகளே. ஒரே மாதிரியான ஐம்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசமானதைப் பொறுக்குவது. நம் நாட்டு ஸ்டாம்புகள் நாசிக்கில் 1925-ல் தொடங்கிய அச்சகத்தில் அச்சாகி வந்தவை. 1947 வரிசையின் காகிதத்தில் நட்சத்திர நீரோட்டம் இருக்கும். ஓரத்துத் துளைப் பல் இரண்டு செ.மீ. நீளத்தில் எத்தனை என்று எண்ணுவதும் ஒரு கணக்கு. 1949 ஆகஸ்ட் 15-ல் சிற்பங்களும் கோயில்களும் போட்ட வரிசை வந்ததே, அதில் ஒரு அணாவில் போதிசத்துவர் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி அச்சாகிவிட்டது. மறு வருஷம் திருத்தினார்கள். இரண்டுமே சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் போகும்! உலகப் பிரசித்தி பெற்ற பிசகு என்றால் 1854-ல் வந்த நாலணாதான். அதில் விக்டோரியா ராணி தலைகீழாக நிற்கிறாள்.

ஆனால் எல்லாக் கோளாறும் அச்சுப் பிசகு ஆகிவிடாது. வெயிலில் வெளுத்தது, சோப்புத் தண்ணீரில் நிறம் போனது எல்லாம் வெறும் சேதம். மஞ்சள் கை பட்ட ஸ்டாம்பை "நிறம் மாறி வந்த அபூர்வம்" என்று என்னிடமே ஒருத்தி கொண்டுவந்தாள்!

விலை பற்றி எல்லோரும் கேட்பீர்கள். 1948 ஆகஸ்ட் 15-ல் காந்திஜிக்கு நான்கு ஸ்டாம்பு வந்தது. ஒன்றரையணா, மூன்றரையணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய். ராட்டை சுற்றின மகானின் படத்தை ஸ்விட்சர்லாந்தில் அச்சடித்து வாங்கினார்கள் என்பது வேடிக்கைதான். 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். அந்தப் பத்து ரூபாயில் கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்தவை வெகு சொற்பம். அப்படி நாலு ஒன்றாக ஒட்டியிருந்த துண்டு, 2017-ல் லண்டனில் ஐந்து லட்சம் பவுனுக்கு விற்றது. உடனே பெட்டியைக் குடையாதீர்கள்! நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது ஒன்றரையணாதான், அது ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. பத்து ரூபாய்க் காந்தியில் போலிகள் ஏராளம். அதே போல் வாசலில் வந்து "பழைய காகிதம், மொத்தமா நூறு ரூபா" என்பவரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெண்கள் வரிசை என்று ஒன்று தொடங்கலாமே! 1952 அக்டோபர் 1-ல் கபீர், துளசிதாசர், சூர்தாஸ், காலிப், தாகூரோடு மீராவும் இரண்டணாவில் வந்தாள். 1957-ல் குதிரை மேல் ஜான்சி ராணி.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. பெட்டியைத் திறக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சைத் தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. உறையோடு இருப்பதை உறையோடே வையுங்கள். எந்த ஊர் முத்திரை, என்ன தேதி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் போதும். தனித் துண்டாகக் கிடைப்பதை மட்டும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தானாகக் கழன்றதும் பருத்தித் துண்டில் கவிழ்த்து, கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். வெந்நீர் வேண்டாம். செலோ டேப், லாமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. ரசகற்பூர உருண்டையை ஆல்பத்துக்குள் போடாதீர்கள்.

நீரோட்டம் பார்க்கக் கறுப்புத் தட்டில் பென்சீன் விடுவார்கள் சிலர். சட்டென்று தீப்பிடிக்கும், வாசனையும் கெடுதல். வெளிச்சத்தில் பிடித்துத் தெரிகிறவரை தெரிந்தால் போதுமென்று விட்டுவிடுங்கள். குழந்தைகள் ஸ்டாம்பை நாக்கால் நக்கவும் விடாதீர்கள்.

மலைப் பக்கத்து வாசகியருக்குத் தனியாக ஒன்று. மழைக்காலத்தில் ஈரக் காற்றில் பின்புறப் பசை இளகி, ஆல்பமே அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்காக வெயிலிலும் காய வைக்காதீர்கள். ஏலக்காயையே பச்சை போய்விடும் என்று வெயிலில் போடாமல் ஸ்டோரில் சூடு காட்டித்தானே உலர்த்துகிறோம்? ஸ்டாம்பின் நிறமும் அப்படித்தான் போகும். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்து, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை அலமாரி மூலையில் போடுங்கள்.

பெரிய தலைமைத் தபால் நிலையங்களில் ஸ்டாம்பு சேகரிப்போருக்கென்று தனிக் கவுண்டர் உண்டு. டெபாசிட் கணக்குத் தொடங்கினால் புது ஸ்டாம்புகள் வீட்டுக்கே வரும். 2009-ல் வாசனைப் பொருள் வரிசையில் நம் ஏலக்காயும் வந்தது. பெரியம்மா அதைப் பார்த்திருந்தால், "காய் என்ன ரகம்?" என்று கேட்டிருப்பாள்.

ஒரே ஓர் உறை தப்பியது. பெட்டியில் இல்லை, பெரியம்மாவின் தலையணை உறைக்குள் இருந்தது. ஒன்றரையணாக் காந்தி ஒட்டி, 1948 கடைசியில் மலையிலிருந்து போடிக்குப் பெரியப்பா போட்ட கடிதம். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். "அத மட்டும் கேக்காதத்தா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் போன பிறகு என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களை மட்டும் எண்ணினேன். உள்ளே இருக்கும் காகிதத்தை இன்னும் பிரிக்கவில்லை.