காலஞ்சென்றவர் போட்ட பணம்

குடும்பத் தலைவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பிறகே பல வீடுகளில் பீரோவைத் திறக்கிறார்கள். மஞ்சள் பைக்குள் பாஸ் புத்தகமும் டிபாசிட்டு ரசீதும் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு பாங்கிக்குப் போகும் மனைவிக்குக் கிடைக்கும் பதில் என்ன? "நாமினேஷன் பாரம் பைலில் காணவில்லை அம்மா, அடுத்த வாரம் வாருங்கள்" என்பதுதான்! அடுத்த வாரம் அந்தக் குமாஸ்தா லீவு. அதற்கடுத்த வாரம் மானேஜரே மாறிவிட்டார். புதியவர் கோர்ட்டுச் சான்று கேட்கிறார். பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது, தொலைந்தது காகிதம். ஆனால் தொலைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வெயிலில் அலைபவர் அந்த அம்மாள்!

இந்த அலைச்சலுக்கு விதிகளில் இடமே கிடையாது. நாமினி இருந்தால் கோர்ட்டுச் சான்று கேட்டு அலைக்கழிக்கக் கூடாது, 15 நாளில் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு இன்னும் கண்டிப்பானது. வேண்டிய தஸ்தாவேஜுகள் எல்லாம் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால், 'பாங்க் ரேட்'டுக்கு மேல் 4 சதவிகிதம் கூட்டி வட்டியும் கொடுக்க வேண்டும். நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால், வணிக பாங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டுறவு பாங்கிகளில் 5 லட்சம் வரையிலும் சுலப முறை உண்டு.

இங்கே பலர் குழம்புவது ஒன்று. தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். கோர்ட்டு தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். முன்னதற்கு மனுக் கொடுத்தால் போதும். பின்னதற்கு வக்கீல், கோர்ட்டுக் கட்டணம், மாதக் கணக்கில் காத்திருப்பு எல்லாம் வேண்டும். கௌண்டரில் "வாரிசு சர்டிபிகேட்" என்று மொட்டையாகச் சொன்னால், எது என்று எழுதித் தரும்படி கேட்பது நல்லது. எழுதித் தரச் சொன்ன மாத்திரத்தில் பாதிக் கேள்விகள் மறைந்துபோவதும் உண்டு!

வாய்ப்பேச்சு பைலில் ஏறாது. 15 நாள் கணக்கு ஓட வேண்டுமானால், மனு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். டிபாசிட்டு எண், தேதி, தொகை, இணைத்த காகிதங்களின் பட்டியல் யாவும் மனுவில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அசல் டிபாசிட்டு ரசீதை, ஒப்புகை வாங்காமல் யார் கையிலும் கொடுத்துவிடக் கூடாது. பாங்கிக்கு எழுதி 30 நாளாகியும் பதில் இல்லையா? ரிசர்வ் பாங்கியின் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் காலங்கடத்தாமல் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

பணம் கைக்கு வந்த பிறகு கிளம்பும் சண்டை வேறு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி அதன் சொந்தக்காரர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மூத்த மகன் பெயரை அப்பா எழுதிவைத்ததாலேயே தாய்க்கும் தங்கைக்கும் பங்கில்லை என்று ஆகிவிடாது.

பீரோவில் கிடைப்பது பத்து வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத கணக்கு என்றாலும் மனம் தளர வேண்டாம். அத்தகைய பணம் 2014 முதல் ரிசர்வ் பாங்கியின் தனி நிதிக்குப் போகிறது. வாரிசு வந்து கேட்டால் பாங்கி கொடுத்தே ஆகவேண்டும். எந்தப் பாங்கியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளமும் வந்துவிட்டது.

பையில் இருப்பது பைனான்ஸ் கம்பெனி ரசீது என்றால் மட்டும் அவசரம் அதிகம். பாங்கி டிபாசிட்டுக்கு 2020 முதல் 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. கம்பெனி டிபாசிட்டுக்கு அது கிடையாது. கம்பெனி பணம் தராமல் ஏமாற்றினால், தமிழ்நாட்டில் 1997-ம் வருஷத்து முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசாரிடம் புகார் கொடுக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது அந்த அசல் ரசீதைத்தான்.